தளத்துக்கு அடியில் மூன்று தட்டு

டொக்டொக்.

ஒரு மூச்சு விடும் இடைவெளி.

டொக்.

நங்கூரம் டீக் குவளையை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். நட்டநடுப் பகல். காற்று இல்லை. வலையை இறக்கிவிட்டு இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இன்னொரு படகு கிடையாது. சத்தமோ அவனுடைய கால் பெருவிரலுக்கு நேர் கீழே, படகின் தளத்துக்கு அடியிலிருந்து வந்தது.

மீனாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மீன் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, மூன்றாவது தட்டு தட்டுமா?

டொக்டொக். டொக்.

தட்டும். ஆனால் அது மீனில்லை.

வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பிய வேகத்தைப் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். ஏனென்றால் அவனுக்கு நங்கூரம் என்று பெயர் வந்ததே உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டான் என்பதால்தான். எடையும் அப்படி, குணமும் அப்படி.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, இதே மாதிரிப் படகு வைத்திருந்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "மச்சான், என் படகுல தளத்துக்குக் கீழ யாரோ தட்டுறாங்க."

"எப்படித் தட்டுறாங்க?"

மச்சினன் மேசையில் படபடவென்று நாலைந்து குத்து குத்திக் காட்டினான். "கதவை உடைக்கிற மாதிரி. எனக்கு முன்னால வாங்கினவன் எவனோ உள்ள மாட்டிக்கிட்டானோ என்னவோ."

எல்லாரும் சிரித்தார்கள். அவன், படகு வழங்கிய வாரியத்தில் புகார் கொடுத்தான். அடுத்த வாரம் கடலுக்குப் போனான். தண்ணீர் இறைக்கும் பிளாஸ்டிக் குவளை மட்டும் கரைக்கு வந்தது.

இரண்டு படகும் மலிவுப் படகுத் திட்டத்தில் கிடைத்தவை; நங்கூரத்துடையது மச்சினன் போன பிறகு வந்தது. வாங்கிய மூன்றாம் மாதம் நங்கூரத்தின் படகுக்கு வெளிப்பூச்சு அம்மை போட்டதுபோல் கொப்பளித்தது. நான்காம் மாதம் கயிறு கட்டும் கொக்கி கயிற்றோடு சேர்ந்து கையில் வந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றும் பழுப்புக் கண்ணீர் வடித்தன. வடிகால் ஓட்டைக்குக் கொடுத்த மூடி, ஓட்டையைவிடச் சிறியது. துறையில் எல்லாரும் பழைய ரப்பர் செருப்பை வெட்டித்தான் அடைத்திருந்தார்கள். தளத்தில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கியது.

இதற்கெல்லாம் வாரியம் கொடுத்த கையேட்டில் விளக்கம் இருந்தது. கொப்பளம் என்பது மேற்பரப்பு அழகூட்டல். தளம் அமுங்குவது பாதங்களுக்கு இதம் தருவதற்காக. உள்ளே தண்ணீர் புகுந்தால் அதற்குப் பெயர் கடலோடு இணக்கம். கடைசிப் பக்கத்தில் மட்டும் மூன்று வரி தடித்த எழுத்தில் இருந்தது. தளத்தின் முத்திரையை உரிமையாளர் உடைத்தால் புகார் செல்லாது. முப்பது நாள் கடலுக்குப் போகாத படகு திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். சத்தம் கேட்டால், நான்காம் ஜன்னலை அணுகவும்.

மறுநாள் காலை நங்கூரம் நான்காம் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தான். கடலுக்குப் போகாத முதல் நாள் அது.

*

படகுத் தர உறுதி வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில் பெஞ்சுகள் எல்லாம் படகு அச்சில் சரியாக வராத துண்டுகளால் செய்யப்பட்டவை. உட்கார்ந்தால் கிறீச்சென்றன. எழுந்தால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டன. கூரையிலிருந்து ஒரு வாளிக்குள் தண்ணீர் சொட்டியது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

ஜன்னலில் ஒரு குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

"நாப்பத்தொண்ணு!"

யாரும் எழவில்லை.

"நாப்பத்தொண்ணு! மூணாவது தடவை கூப்பிடறேன். நாப்பத்தொண்ணு!"

குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நங்கூரம் தன் சீட்டைப் பார்த்தான். நாற்பத்திரண்டு. குமாஸ்தா திரும்பி வந்ததும் ஜன்னலருகே போனான்.

"சார், அவர் வரலைன்னா அடுத்தவரைக் கூப்பிடலாமே. நான்தான் நாப்பத்திரண்டு."

குமாஸ்தா அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நாப்பத்தொண்ணு முடியாம நாப்பத்திரண்டு எப்படிப்பா வரும்? எண்ணத் தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா..."

"அவர் குறையும் தட்டுற சத்தம், உன் குறையும் தட்டுற சத்தம். ஒரே குறைக்கு ரெண்டு கோப்பு திறக்க முடியாது. அவர் வந்து, குறை தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போடட்டும். அடுத்த நிமிஷம் உன் குறையைத் திறந்துடறேன்."

"அவர் எப்பதான் வருவார்?"

"பதினோரு மாசமா தினமும் கூப்பிடறேன்" என்றார் குமாஸ்தா, தன் கடமையுணர்ச்சியில் தானே லேசாகக் கரைந்து. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே இருந்தது மச்சினனின் பெயர்.

நங்கூரம் பதிவேட்டின் மேல் குனிந்தான். கண் தானாக மேலே போனது. ஒன்று முதல் நாற்பது வரை எல்லா வரியிலும் ஒரே குறை. எல்லா வரியிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வாசகம், அழகான கையெழுத்தில்: குறை தீர்ந்தது. புகார்தாரர் மீண்டும் வரவில்லை.

நாற்பது பேர். மீண்டும் வரவில்லை.

"சார்... இவங்கள்லாம் எங்க?"

"திருப்தியா இருக்காங்க" என்றார் குமாஸ்தா. "இல்லாட்டி வந்திருப்பாங்களே."

*

எண்ணை மீறி யாரும் மேலே போக முடியாது. ஆனால் எட்டு நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவனைத் தாண்டித் தாண்டி நடந்த தலைமை அதிகாரி, ஒன்பதாம் நாள் எரிச்சலில் அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைப் படகு இருந்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்ன பிரச்சினை உனக்கு?"

"சார், நாப்பத்தொண்ணு என் மச்சினன். அவன் உயிரோட இல்ல. படகோட போயிட்டான்."

"யார் சொன்னது?"

"கடல் சொல்லிச்சு சார். குவளை மட்டும்தான் வந்தது."

தலைமை அதிகாரி கோப்பைப் புரட்டினார். "எங்க கோப்புல உயிரோடதான் இருக்கார். குறை நிலுவையில இருக்கிற ஒருத்தர் காணாமப் போக விதியில இடமே இல்ல." பிறகு நாற்காலியில் சாய்ந்தார். குரல் கனிந்தது. "முன்னாடில்லாம் ஆள் திரும்ப வரலைன்னாலே கோப்பை மூடிடுவோம். நான் வந்தப்புறம்தான் சீர்திருத்தம். இப்ப புகார்தாரரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வெளிப்படையா இருக்கணுமில்ல? பதிவேட்டைப் பார்த்தியா? நாப்பது பேர். ஒருத்தர்கூட ரெண்டாவது தடவை புகார் பண்ணினதில்ல. நூத்துக்கு நூறு! வேற எந்த வாரியம் சொல்ல முடியும் இதை?"

"சார், என் படகும் தட்டுது. முப்பது நாள் ஆனா பிடுங்கிடுவீங்க. கடலுக்குப் போனா நானும் மீண்டும் வராதவன் ஆயிடுவேன். தயவுபண்ணி ஒரு தடவை தளத்தைத் திறந்து பாருங்க."

"திறந்தா முத்திரை உடையும். முத்திரை உடைஞ்சா புகார் செல்லாது. புகார் செல்லலைன்னா நான் எதுக்குத் திறக்கணும்?" கேள்வி தனக்கே பிடித்துப்போய், ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டார். "சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். வெளியிலேர்ந்து தட்டிப் பார்க்கச் சொல்றேன்."

பதினெட்டாம் நாள் பரிசோதகர் வந்தார். கையில் சின்ன மரச் சுத்தியல், கழுத்தில் அட்டை. படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டால்தான் பார்ப்பேன் என்றார். மூழ்கிய படகைப் பரிசோதிப்பது விதியில் இல்லையாம். மிதந்தால்?

"மிதந்தா நல்ல படகுதானே" என்றார்.

குனிந்து பக்கச் சுவரில் மூன்று தட்டு தட்டினார். உள்ளே இருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. பரிசோதகர் எழுதிக்கொண்டார்: எதிரொலி நன்று. நாலு தட்டினார். நாலு வந்தது. ஒத்துழைப்பு திருப்திகரம் என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிச் சுத்தியலைப் பையில் போட்டார்.

டொக்டொக். டொக்.

பரிசோதகர் சட்டென்று நிமிர்ந்தார். துறைப் படியில் இரண்டு படி மேலே போய் நின்றுகொண்டார். "இது... நான் தட்டலையே."

"அதைத்தான் சார் பதினெட்டு நாளா சொல்றேன்."

பரிசோதகர் படியில் நின்றபடியே கடைசிக் கட்டத்தை நிரப்பினார்: சுயமுயற்சி உண்டு. அடியில், குறை எதுவும் இல்லை.

*

"என்ன எழுதிக் குடுத்தான்?" மனைவி வாசலிலேயே கேட்டாள். பகல் முழுவதும் மீன் ஏலக் கூடத்தில் தரம் பிரிக்கிறவள். ஒரு மீனை ஒரு பார்வையில் ஒதுக்கித் தள்ளுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணை இப்போது புருஷன்மேல் வைத்திருந்தாள்.

"சுயமுயற்சி இருக்காம்."

"படகுக்கா?"

"ம்."

"உங்களுக்கு இல்லாததை அதுக்காவது குடுத்தானே."

நங்கூரம் நாற்காலியில் விழுந்தான். இத்தனை நாளாக அவளிடம் சத்தம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லவில்லை. இன்றும் அதைச் சொல்லாமல், தம்பியை எண் சொல்லி அலுவலகத்தில் தினமும் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் சொன்னான்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"தினமுமா?"

"மூணு தடவை."

"பதினோரு மாசமா நான் அந்தப் பேரை வாயால சொல்லலை. சொன்னா வாசல்ல வந்து நிப்பானோன்னு. அங்க தினம் மூணு தடவை கூவுறாங்களா?" அவள் கதவையே பார்த்தாள். "அவன் வந்தான்னா ரெண்டு தட்டு தட்டிட்டு நிப்பான். அக்கா வர்ற சத்தம் கேக்குதான்னு காது குடுப்பான். கேக்கலைன்னா இன்னும் ஒண்ணு தட்டுவான். சின்ன வயசுலேர்ந்து அதே பழக்கம். நீங்க வந்தா ஒரே தட்டு. கதவு கீலோட பேந்து வரும்."

நங்கூரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. தம்பியைக் குடுத்தாச்சு. அந்தப் படகு உங்களை ஏத்திக்கிட்டுக் கரையை விட்டு நகர்ந்தா, நான் நடுவுல குறுக்க படுப்பேன்."

*

இருபத்தாறாம் நாள் வாரியம் ஒரு முடிவுக்கு வந்தது. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு அறிவிப்பு அனுப்புவது என்று. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. கடைசியாக அவன் தெரிந்தது கடலில்.

எனவே வாரியத்தின் சொந்தப் படகில் (அது வெளிநாட்டில் செய்தது) குமாஸ்தாவும் பரிசோதகரும் போனார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கல் கட்டிய அறிவிப்பைத் தண்ணீரில் விட்டார்கள். 'தாங்கள் வருகிற முப்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குத் துறையில் நேரில் ஆஜராகிக் கையெழுத்திடாவிட்டால் தங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

"என்ன நடவடிக்கை சார் எடுப்பீங்க?" என்று நங்கூரம் கேட்டான்.

குமாஸ்தா யோசித்தார். "படகைத் திரும்ப எடுத்துக்குவோம்" என்றார்.

*

முப்பதாம் நாள்.

துறையில் மேசை போட்டு, மேசைக்கு விரிப்பு போட்டு, விரிப்பு பறக்காமலிருக்க மைக்கூடு வைத்திருந்தார்கள். தலைமை அதிகாரி நடுவில். ஒரு பக்கம் பதிவேட்டோடு குமாஸ்தா. இன்னொரு பக்கம், படகிலிருந்து முடிந்தவரை தள்ளி, பரிசோதகர். நங்கூரத்தின் படகைக் கட்டி இழுத்துப்போக வாரியத்தின் இழுவைப் படகு தயாராக நின்றது. பதினொரு மணிக்கு நாற்பத்தொன்று வராவிட்டால் நாற்பத்திரண்டின் புகார் திறக்காது. திறக்காத புகாருக்குரிய படகு, முப்பது நாள் சும்மா கிடந்த படகு. பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும், அந்தச் சத்தத்தோடு.

மனைவி ஏலக் கூடத்து ரப்பர் செருப்போடு நேராக வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். மீன் வெட்டும் கத்தி இடுப்பில் அப்படியே இருந்தது.

கடிகாரம் பதினொன்று காட்டியது. குமாஸ்தா எழுந்து கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நாப்பத்தொண்ணு!"

அலைகூட அடிக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு!"

தூரத்தில் வட்டமிட்ட பறவைகள் எங்கோ போய்விட்டிருந்தன. மேசை விரிப்பின் ஓரம் அசைவதை நிறுத்தியது.

"மூணாவது தடவை. நாப்பத்தொண்ணு!"

டொக்டொக்.

எல்லாரும் கட்டியிருந்த படகைப் பார்த்தார்கள்.

டொக்.

நங்கூரத்தின் கையை மனைவி பிடித்தாள். விரல் எலும்பு நொறுங்கும் பிடி.

"இதுவா? இதையா முப்பது நாளா எங்கிட்ட சொல்லலை?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் படகுக்குள் இருந்தாள். "வர்றேன்டா" என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டாள். "அக்கா வந்துட்டேன்டா, இரு."

"முத்திரை! முத்திரையைத் தொடாதே!" தலைமை அதிகாரி எழுந்து கத்தினார்.

நங்கூரம் அதுவரை வாழ்க்கையில் எந்த இடத்திலும் சீக்கிரம் எழுந்ததில்லை. இப்போது தாவினான். படகின் முன்புறம் கிடந்த இரும்பு நங்கூரத்தைத் தூக்கினான். தளத்தின் நடுவில் இருந்த முத்திரைமேல் ஒரே போடு. மலிவுத் தளம், மலிவாகவே திறந்துகொண்டது.

உள்ளே மிதவை நுரை இருக்க வேண்டிய இடம். நுரை இல்லை. காகிதம். கட்டுக் கட்டாக, பசை தடவி, அழுத்தி அடைத்த காகிதம். மனைவி கத்தியால் ஒரு கட்டின் கயிற்றை அறுத்தாள். ஈரத்தில் ஊறி வீங்கிய தாள்களைப் பிரித்தாள்.

ஐயா, தளம் அமுங்குகிறது. ஐயா, கொக்கி கையோடு வருகிறது. ஐயா, திருகாணி துருப்பிடித்துவிட்டது. ஐயா, தண்ணீர் புகுகிறது. ஐயா, தண்ணீர் புகுகிறது. ஐயா.

மேலே, தளத்தை ஒட்டியபடி, ஒற்றைத் தாள் ஒன்று இருந்தது. அது மட்டும் நனையவில்லை. மச்சினனின் கோணல் கையெழுத்து.

ஐயா, என் படகில் தளத்துக்கு அடியில் யாரோ தட்டுகிறார்கள். அவர் ஏதோ சொல்ல வருகிறார் என்று தோன்றுகிறது. திறந்து கேட்கவும்.

மனைவி தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். தட்டும் சத்தம் நின்றிருந்தது. அவள் அழுத சத்தம் மட்டும் துறை முழுவதும் கேட்டது.

நங்கூரம் ஈரக் கட்டு ஒன்றைத் தூக்கி மேசைமேல் போட்டான். மைக்கூடு கவிழ்ந்தது. "என்ன சார் இது?"

தலைமை அதிகாரி விரிப்பில் பரவிய மையைப் பார்த்துவிட்டு நிதானமாக உட்கார்ந்தார். அவர் முகத்தில் குற்றவுணர்வு இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நுரை கிடைக்கிறது கஷ்டம்பா. காகிதம் எங்ககிட்ட தினமும் வருது. வாரியத்துக்கு வந்த ஒரு புகாரைக்கூட நாங்க வெளியே எறிஞ்சதில்ல. ஒவ்வொண்ணையும் படகுக்கு உள்ளேயே எடுத்துக்கிட்டோம். எத்தனை வாரியம் இப்படி மக்கள் குரலை உள்வாங்குது, சொல்லு?"

"காகிதம் தண்ணி குடிக்கும் சார். குடிச்சா முழுகும்!"

"அதுக்கு நீ தனியா புகார் குடுக்கணும். அது மூணாம் ஜன்னல்." பிறகு குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "மணி என்ன? பதினொண்ணு அஞ்சா? நாப்பத்தொண்ணோட கையெழுத்து அந்தம்மா கையில இருக்கு பாருங்க. நேர்ல ஆஜர்னு குறிச்சுக்குங்க. குறை தீர்ந்தது."

குமாஸ்தா குறித்துக்கொண்டார். அழகான கையெழுத்து. பிறகு தொண்டையைச் செருமினார்.

"நாப்பத்திரண்டு!"

நங்கூரம் நின்ற இடத்திலேயே நின்றான். முப்பது நாள் காத்திருந்த எண்.

"வந்திருக்கேன்."

"முத்திரை உடைஞ்சிடுச்சு, புகார் செல்லாது" என்றார் குமாஸ்தா, நிஜமான வருத்தத்தோடு. "படகும் உடைஞ்சிருக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போறோம். ஆனா மனுவைக் குடுத்துட்டுப் போலாம். மனு எங்களுக்கு வேணும்."

"எதுக்கு?"

"நாப்பத்துமூணுக்கான படகு இப்ப அச்சுல இருக்கு. உள்ள இன்னும் நிரப்பலை."

நங்கூரம் சட்டைப்பையில் முப்பது நாளாக மடித்து வைத்திருந்த மனுவை எடுத்தான். கிழித்துக் கடலில் போடத்தான் எடுத்தான். கை பாதியில் நின்றது.

மச்சினன் தட்டியதால்தான் இவன் கரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததால்தான் உயிரோடு நிற்கிறான். தட்டாத படகில் போகிறவனுக்கு யார் சொல்வார்கள்?

குமாஸ்தாவின் பேனாவை வாங்கினான். மனுவின் பின்பக்கம், மை கொட்டிய மேசையிலேயே வைத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினான். ஐயா என்று ஆரம்பிக்கவில்லை. தம்பி என்று ஆரம்பித்தான். மடித்துக் கொடுத்தான். குமாஸ்தா படிக்கவில்லை. வாரியத்தில் எதையும் படிக்கிற வழக்கம் இல்லை.

"உங்க ஒத்துழைப்புக்கு நன்றி" என்றார் தலைமை அதிகாரி.

*

ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம். துறையின் ஐஸ் கொட்டகையில் நங்கூரம் ஐஸ் பார்களை உடைத்துக்கொண்டிருந்தான். இப்போது அதுதான் வேலை. படகு இல்லை. வீட்டில் ஆணியில் மச்சினனின் மனு தொங்கியது. கதவை யார் தட்டினாலும் மனைவி இப்போது ஓடிப்போய்த் திறக்கிறாள். அவ்வளவுதான் மாற்றம்.

கொட்டகை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். புதுப் படகுக்காரன், அறிமுகம் இல்லாத முகம். உதடு வெளுத்திருந்தது. வலையின் ஈரம்கூட இன்னும் கையில் இருந்தது.

"அண்ணே, நீங்கதானே முன்னாடி இந்தத் திட்டத்துல படகு வெச்சிருந்தது? சிரிக்காதீங்க. என் படகுல... தளத்துக்குக் கீழ யாரோ தட்டுறாங்க."

நங்கூரம் ஐஸ் உடைக்கும் கம்பியைக் கீழே வைத்தான்.

"எத்தனை தட்டு?"

"ஒண்ணே ஒண்ணு. ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் மறுபடி ஒண்ணு. ஆனா கனமா. படகே அதிருது. கதவா இருந்தா கீலோட பேந்துடும். யாருண்ணே அது?"

நங்கூரம் தன் வலது கையைப் பார்த்தான். விரல் முட்டிகள் ஐஸ் பட்டுச் சிவந்திருந்தன.

"நான்தான்" என்றான். "கடலுக்குப் போகாதே. உட்காரு."